உண்ணும் மனப்பாங்கு வினாத்தாளின் துருக்கிய வடிவங்கள்: சென்னையிலிருந்து ஒரு மதிப்புரை

சென்னைக் கல்லூரிகளின் ஆலோசனை மையங்களிலும் உளவியல் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளிலும் அடிக்கடி கண்ணில் படும் தாள் ஒன்று உண்டு. ஈ.ஏ.டி.-26 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உண்ணும் மனப்பாங்குச் சோதனை அது. இருபத்தாறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விடைகள், பத்து நிமிட வேலை. ஆங்கிலம் சரளமாக வராத மாணவிக்கு இதைத் தமிழில் தர வேண்டும் என்பது நியாயமான தேவைதான். ஆனால் தமிழில் தருவது என்றால் மொழிபெயர்த்துக் கொடுப்பது என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் எவ்வளவு போதாதது என்பதைக் காண, இதே வினாத்தாளையும் இதன் உறவினங்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் மொழிக்குக் கொண்டுவந்திருக்கும் துருக்கிய உளவியலாளர்களின் வேலையை எடுத்துக்கொண்டு மதிப்பிட விரும்புகிறேன். தமிழ் வடிவம் ஒன்றை உருவாக்கப் போகிறவர்களும், காசு கொடுத்து வாங்கப் போகிறவர்களும், ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களும் இதைக் கவனித்தால் பயன்பெறுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூலத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிட வேண்டும். டொராண்டோவில் பணியாற்றிய டேவிட் கார்னர், பால் கார்ஃபிங்கல் ஆகிய இருவரும் 1979இல் சைக்கலாஜிக்கல் மெடிசின் இதழில் 40 வாக்கியங்கள் கொண்ட சோதனையை வெளியிட்டார்கள். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கி உடலை மெலியவிடும் அனோரெக்சியா நெர்வோசா என்னும் நோயின் அறிகுறிகளை எண்ணாக்கிக் காட்டுவதே அதன் நோக்கம். அதற்கு அவர்கள் வைத்த கட்-ஆஃப், அதாவது நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தொடங்கும் எல்லை மதிப்பெண், 30. மூன்று ஆண்டுகள் கழித்து, 1982இல், ஓல்ம்ஸ்டெட், போர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டு, அந்நோயுள்ள 160 பெண்களின் விடைகளையும் ஒப்பீட்டுக்காக 140 பெண்களின் விடைகளையும் வைத்துக் காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்த வாக்கியங்களின் விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்து, தேவையில்லை என்று தெரிந்த 14 வாக்கியங்களை நீக்கினார்கள். எஞ்சிய 26 வாக்கியங்கள் மூன்று பிரிவுகளாக அமைந்தன: உணவுக் கட்டுப்பாடு பற்றியவை 13, புலிமியாவும் (கட்டுப்பாடிழந்து உண்டுவிட்டு வாந்தி முதலியவற்றால் ஈடுகட்டுவது) உணவைப் பற்றிய ஓயாத நினைப்பும் பற்றியவை 6, வாய்க்கட்டுப்பாடு என்று நாம் சொல்லக்கூடிய பிரிவில் 7. ‘எப்போதும்’ என்றால் 3, ‘வழக்கமாக’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 1, மற்ற மூன்று விடைகளுக்கும் சுழியம். ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் தலைகீழாகப் போகும். மொத்தம் 78. அதில் 20 அல்லது அதற்கு மேல் பெற்றவரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி.

துருக்கிக்கு இந்தச் சோதனை வந்தது 1989இல். இஷிக் சவாஷிர், நெஷே எரோல் ஆகிய இருவரும் 40 வாக்கிய வடிவத்தைத் துருக்கிய மொழியில் தகவமைத்து, ‘யெமெ துதும் தெஸ்தி’ என்ற பெயரில் துருக்கிய உளவியல் இதழில் வெளியிட்டார்கள். சவாஷிர் இத்துறைக்குப் புதியவர் அல்லர், எம்.எம்.பி.ஐ. என்னும் பெரிய ஆளுமைச் சோதனையைத் துருக்கிய மொழிக்குக் கொண்டுவந்து 1981இல் அதற்குக் கையேடு எழுதியவர். இருபத்தாறு வாக்கியக் குறுவடிவத்தைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் தனியாகச் சோதித்து எர்குனெய்-ஒகுமுஷ், செர்தெல்-பெர்க் ஆகியோர் எழுதிய ஆய்வு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் உளவியல் இதழில் 2020இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் 31 ஆண்டுகள்.

இந்த இடைவெளியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் கையில் துருக்கிய மொழியில் 40 வாக்கியங்கள் ஏற்கெனவே இருந்தன. கனடாவில் நீக்கப்பட்ட 14 வாக்கியங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை அடித்துவிட்டால் குறுவடிவம் தயார் என்று முடித்துக்கொள்வது மிகவும் எளிது. 1982இல் நெடுவடிவத்துக்கும் குறுவடிவத்துக்கும் இடையே கிடைத்த ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.98 என்பதை அதற்குச் சான்றாகவும் காட்டலாம். ஆனால் அந்த 0.98 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே பெண்கள் ஒரே வேளையில் கொடுத்த விடைகளில், முழுமையையும் அம்முழுமையின் பகுதியையும் ஒப்பிட்டதால் வந்த எண் அது. எந்த வாக்கியம் மிகை, எது தேவை என்பதை முடிவு செய்ததும் அந்தப் பெண்களின் விடைகளே. வேறொரு சமூகத்தில் வேறொரு மொழியில் அதே 14தான் மிகையாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே, குறுவடிவத்தைப் புதிய கருவியாகவே கருதி, அது துருக்கிய மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று மறுபடியும் அளந்து பார்த்திருக்கிறார்கள். வினாத்தாள் ஒன்று மொழி மாறும்போது அதன் வாக்கியங்கள் மட்டுமே எல்லை கடக்கின்றன. நம்பகத்தன்மையும் (விடைகள் நிலையாக இருப்பது) ஏற்புடைமையும் (அளக்க நினைத்ததையே அளப்பது) கட்-ஆஃபும் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன, அவற்றைப் புதிய இடத்தில் மறுபடியும் ஈட்டியாக வேண்டும். துருக்கியர்களின் வேலையிலிருந்து நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாடமாக நான் கருதுவது இதைத்தான்.

அந்த 14 வாக்கியங்கள் எவ்வளவு விபரீதமாகிவிடக்கூடும் என்பது சென்னையிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். நாற்பது வாக்கிய வடிவத்தில், இறைச்சி உண்பதில் மகிழ்ச்சி அடைகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘ஒருபோதும் இல்லை’ என்று விடையளித்தால் அது நோயின் பக்கமாக மதிப்பெண்ணைக் கூட்டும். மயிலாப்பூரிலும் சௌகார்பேட்டையிலும் பரம்பரையாக மரக்கறி உண்ணும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அந்த ஒற்றை வரியிலேயே 3 மதிப்பெண் வாங்கிக்கொள்வாள். மற்றவர்களுக்காகச் சமைக்கிறேன், சமைத்ததை நான் உண்பதில்லை என்ற இன்னொரு வாக்கியமும் அதில் உண்டு. அனோரெக்சியா நோயாளிகளிடம் இது உண்மையாகவே காணப்படும் நடத்தை. ஆனால் விடியற்காலையில் நான்கு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு, மீந்த பழையதைத் தான் சாப்பிடும் பெண்கள் இந்த நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். அவர்களுடைய துன்பம் இருக்குமானால் அது வேறு வகையானது.

குறுவடிவத்தில் இவை இரண்டும் நீங்கிவிட்டன என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. வாய்க்கட்டுப்பாடு என்ற பிரிவின் 7 வாக்கியங்களைச் சென்னைக் காதோடு ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். பசிக்கும்போதும் உண்ணாமல் தவிர்ப்பது. உணவைச் சிறு சிறு துண்டுகளாக்குவது. இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் நல்லது என்று மற்றவர்கள் விரும்புவதாக உணர்வது. மிகவும் ஒல்லி என்று மற்றவர்கள் நினைப்பது. உண்ண அதிக நேரம் எடுத்துக்கொள்வது. உணவு விஷயத்தில் தன்னடக்கத்தோடு இருப்பது. உண்ணச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துவதாக உணர்வது. தோசையைப் பிய்க்காமல் யாரும் தின்ன முடியாது. இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள் என்று இலைக்குப் பக்கத்தில் நின்று வற்புறுத்தாத தாயோ பாட்டியோ மாமியோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. உணவில் அடக்கம் என்பது நம்மிடையே நல்லொழுக்கம். அதைத் தன்னிடம் இல்லை என்று சொல்ல எந்தப் பெண் முன்வருவாள்? ஏழு வாக்கியங்களுக்கும் ‘எப்போதும்’ என்று குறித்தால் 21 மதிப்பெண். கட்-ஆஃப் 20. அதாவது, எடையைப் பற்றியும் உடல் வடிவத்தைப் பற்றியும் ஒரு நொடிகூடக் கவலைப்படாத, இயல்பிலேயே மெலிந்த, பக்தியுள்ள, பாசமான வீட்டில் வளரும் பெண் ஒருத்தி, இந்தப் பிரிவை மட்டும் வைத்தே ஆபத்து எல்லையைத் தாண்டிவிட முடியும். இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கிங், பூக்ரா ஆகியோர் வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் இந்தச் சோதனையை நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், கட்-ஆஃபைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவில் உயர்ந்திருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, சில குறிப்பிட்ட வாக்கியங்களை மாணவியர் தம் பண்பாட்டுக்கேற்பப் புரிந்துகொண்டதே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. சவாஷிரும் எரோலும் துருக்கிய நெடுவடிவத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

உண்ணாநோன்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரமலான் மாதத்தில் நோன்பு நோற்கும் ஒருவரிடம் பசித்தும் உண்ணாமல் இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்பதே உண்மையான விடை. இச்சோதனையாவது காலவரையறை இல்லாமல் பொதுவாகக் கேட்கிறது. ஃபேர்பர்னும் பெக்லினும் 1994இல் வெளியிட்ட ஈ.டி.ஈ.-கியூ என்னும் வேறொரு புகழ்பெற்ற வினாத்தாள், கடந்த 28 நாட்களைப் பற்றி மட்டுமே கேட்கிறது; பதின்பருவத்தினரிடம் அதன் துருக்கிய வடிவத்தைச் சோதித்து யூஜெலும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ரமலான் 29 அல்லது 30 நாட்கள். பெருநாளன்று ஒருவரிடம் அந்த வினாத்தாளைக் கொடுத்தால், அது கேட்கும் காலம் முழுவதும் நோன்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம், அதாவது 41 நாட்கள், விரதம் இருக்கும் நம் ஊர் மாணவருக்கும் இதே நிலைதான். கார்த்திகையில் கல்லூரி ஒன்றில் இந்தச் சோதனையை நடத்துபவருக்கும் சித்திரையில் நடத்துபவருக்கும் வெவ்வேறு எண்கள் கிடைக்கலாம். திருவல்லிக்கேணியில் நோன்பு, சாந்தோமில் தவக்காலம், வடபழனியில் சஷ்டி என்று ஆண்டு முழுவதும் யாரோ ஒருவர் எதையோ விட்டிருக்கும் நகரம் இது. எனவே தமிழ் வடிவத்தின் முகப்பில், தற்போது விரதத்தில் இருக்கிறீர்களா, எதற்காக, எத்தனை நாளாக என்ற கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. விரதத்தைக் காரணமாகச் சொல்லி உண்மையான நோயை மறைக்கும் பெண்களும் இருக்கக்கூடும் என்பதால், அந்தக் கேள்வியை மதிப்பெண்ணிலிருந்து கழிப்பதற்காக அல்லாமல், பின்னர் நேரில் பேசுவதற்கான குறிப்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழி அமைப்பைப் பொறுத்தவரை, துருக்கிய வடிவங்கள் நமக்கு ஆங்கில மூலத்தைவிட நெருக்கமான வழிகாட்டிகள். துருக்கிய மொழியிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, சொல்லோடு விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டுகின்றன, ‘நான்’ என்று சொல்லாமலேயே வினைமுற்று தன்மையைக் காட்டிவிடுகிறது. நம்மிடம் கூடுதலாக இருக்கும் சிக்கல், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். ‘உணவு உட்கொண்டபின் மிகுந்த குற்றவுணர்வுக்கு ஆளாகிறேன்’ என்று அச்சடித்துக் கொடுத்தால், பாடநூலைப் படிப்பதைப் போலப் படித்துவிட்டு ‘இல்லை’ என்று குறிப்பவர்களே அதிகம். ‘சாப்பிட்ட பிறகு ஏன் சாப்பிட்டோம் என்று மனம் மிகவும் உறுத்துகிறது’ என்றால் சற்று நின்று யோசிப்பார்கள். விடைகளில் இன்னும் கூர்மையான கவனம் தேவை. ‘அடிக்கடி’க்கு 1, ‘சில சமயம்’ என்பதற்குச் சுழியம் என்று இருப்பதால், மதிப்பெண் தொடங்கும் கோடு இந்த இரண்டு விடைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. ‘வழக்கமாக’ என்பதும் ‘அடிக்கடி’ என்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும்படி அச்சிட்டுவிட்டால், ஆறு படிகள் ஐந்தாகச் சுருங்கிப்போகும். வாரத்தில் எத்தனை நாள் என்ற விளக்கத்தை ஒவ்வொரு விடைக்கும் கீழே சிறிய எழுத்தில் சேர்த்துச் சோதித்துப் பார்க்கலாம். அப்படிச் சேர்த்தால் அதுவும் மூலத்திலிருந்து விலகல்தான் என்பதை ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இங்கே சென்னையில் கிடைக்கும் சேவையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உளவியல் வினாத்தாள்களைத் தமிழாக்கி, அதை மறுபடியும் ஆங்கிலத்துக்குத் திருப்பி மூலத்தோடு ஒப்பிட்டதாக மீள்மொழிபெயர்ப்புச் சான்றிதழும் தரும் மொழியாக்க நிலையங்களை ஆய்வு மாணவர்கள் நாடுகிறார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். சில நாட்களில் முத்திரையோடு தாள் கைக்கு வந்துவிடும். மீள்மொழிபெயர்ப்பு என்பது நல்ல முறைதான். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் அதை விளக்கி எழுதியதிலிருந்து உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஆனால் அதற்கு மட்டும் அளிக்கப்படும் சான்றிதழ் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை மாணவர்களும் வழிகாட்டிகளும் உணர வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்து எழுதிய உயிரற்ற தமிழ்தான் ஆங்கிலத்துக்கு மிகத் துல்லியமாகத் திரும்பிப் போகும். இயல்பான தமிழில் எழுதப்பட்ட வாக்கியமோ திரும்பும்போது சற்று விலகி நிற்கும். உடனே அதைத் ‘திருத்தி’ மறுபடியும் உயிரற்றதாக்கிவிடுவார்கள். அப்படி வந்த வரைவு ஒன்றைப் படித்தபோது, தமிழ் தெரிந்த எந்தப் பதின்வயதினரும் வாழ்நாளில் சொல்லியிராத வாக்கியங்களே அதில் நிறைந்திருந்தன. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

முறையான வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் மறைவேதும் இல்லை. பீட்டனும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். அவர்களில் ஒருவர் துறையை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்திராத இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு வல்லுநர் குழு உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக முடிவெடுக்க வேண்டும். அதன்பின் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. இந்தக் கடைசிப் படியைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள், அல்லது நேரம் எவ்வளவு ஆனது என்று மட்டும் குறித்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அந்த முப்பது பேரில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, இந்த வாக்கியத்தைப் படித்ததும் உங்கள் மனதில் என்ன வந்தது, ஏன் இந்த விடையைக் குறித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதே முன்சோதனை. உணவைத் துண்டாக்குவது என்றதும் ஒருத்தி காய் நறுக்குவதை நினைத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் தெரியவரும். பன்னாட்டுச் சோதனை ஆணையம் 2017இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு நெறிமுறைகளில் உள்ள 18 நெறிகளில், மொழிபெயர்ப்புக்கு நேரடியாகத் தொடர்புடையவை ஒரு பகுதி மட்டுமே. உரிமம், புள்ளியியல் சான்று, நடத்தும் முறை, மதிப்பெண்ணுக்குப் பொருள் சொல்லும் முறை, ஆவணப்படுத்தல் ஆகியவை மற்றவை. சேவை நிலையங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள், இந்தப் படிகளில் எவற்றைச் செய்து தருகிறீர்கள், வல்லுநர் குழுவின் முடிவுக் குறிப்புகளைத் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தர முடியாது என்றால் அவர்களிடமிருந்து தமிழாக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்ச வேலையைத் துறையிலேயே செய்துகொள்வது நல்லது.

தகவமைப்பில் வெட்டி எறியும் உரிமையும் அடக்கம் என்பதற்குத் துருக்கியிலிருந்தே இன்னொரு சான்று இருக்கிறது. சத்தான உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற எண்ணம் வெறியாகி வாழ்க்கையையே ஆட்டிவைக்கும் ஆர்த்தோரெக்சியா என்ற நிலையை அளக்க, இத்தாலியில் டொனினியும் குழுவினரும் ஆர்த்தோ-15 என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். அருசோலுவும் உடன் பணியாற்றியவர்களும் அதைத் துருக்கிய மொழிக்குக் கொண்டுவந்து 2008இல் வெளியிட்டபோது, அதன் பெயர் ஆர்த்தோ-11 ஆகியிருந்தது. அவர்கள் சேகரித்த விடைகளில் மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்யாத நான்கு வாக்கியங்களை, மூலத்தில் இருக்கின்றன என்பதற்காகத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இது துணிவான, சரியான முடிவு. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: வாக்கியங்கள் குறைந்ததும் இத்தாலியக் கட்-ஆஃப் பொருந்தாது, இரு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது. தமிழில் வாய்க்கட்டுப்பாட்டுப் பிரிவு உடைந்துபோனால் நாமும் இதே விலையைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

துருக்கிய வடிவங்களில் எனக்குள்ள மனக்குறை கட்-ஆஃபைப் பற்றியது. நெடுவடிவத்துக்கு மூலத்தில் சொன்ன அதே 30தான் துருக்கிய ஆய்வுகளிலும் வழங்கிவருகிறது. குறுவடிவ ஆய்வு பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்தது. அதன் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது என்பது பாராட்டத்தக்க நேர்மை. ஆனால் மாணவர்களிடம் கிடைத்த நம்பகத்தன்மையை வைத்துக்கொண்டு, பள்ளிச் சிறுமியருக்கோ நடுவயதுப் பெண்களுக்கோ ஆண்களுக்கோ எல்லைக்கோடு போட முடியாது. கட்-ஆஃபை ஓர் ஊரில் நிலைநாட்ட வேண்டுமானால், நிபுணர்கள் நேர்காணல் செய்து நோயுண்டு, இல்லை என்று முடிவு சொன்னவர்கள் இரு பக்கமும் வேண்டும். அந்த வேலை செலவு மிக்கது. அதனால்தான் எங்கும் தள்ளிப்போடப்படுகிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் காட்டுகிறேன். விடுதியில் 1000 மாணவியர் இருக்கிறார்கள், அவர்களில் 20 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நோயுள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நோயற்றவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். இவை நல்ல சோதனைக்கான எண்களே. அப்போது கட்-ஆஃபைத் தாண்டுபவர்கள் 114 பேர். அவர்களில் நோயுள்ளவர்கள் 16. மற்ற 98 பேரும் நலமானவர்கள். நோயுள்ள நால்வர் வலைக்கு வெளியே நிற்பார்கள். தமிழாக்கம் பிசகி, நோன்பும் தோசையும் பாட்டியின் வற்புறுத்தலும் மதிப்பெண்ணாகிவிட்டால் அந்த 98 இன்னும் பெருகும். அந்தப் பெண்களின் வீட்டுக்குத் தொலைபேசி போகும். உண்ணும் கோளாறு என்ற பெயர் விடுதி அறைவரை பரவும். மதிப்பெண் நிபுணரிடம் அனுப்புவதற்கான குறிப்பு மட்டுமே, நோய் முடிவு அன்று என்று மூல ஆசிரியர்களே சொல்லியிருப்பதை நம் ஆய்வேடுகள் பல மறந்துவிடுகின்றன; இத்தனை விழுக்காட்டினருக்குக் கோளாறு இருக்கிறது என்றே எழுதிவிடுகின்றன.

சென்னைக்கு இவ்விஷயத்தில் சொந்தமான முன்னோடி வேலை ஒன்று இருக்கிறது, அதை இன்றைய மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். இங்கே பணியாற்றிய டி.என். சீனிவாசனும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1995இல் இந்திய மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் 31 பேரிடம், அதாவது 14.8 விழுக்காட்டினரிடம், நோய் வரையறைக்குள் அடங்காத, ஆனால் உணவை ஒட்டிய உண்மையான துன்பம் காணப்பட்டது. அதற்கு உண்ணல் துயர நிலை என்று பொருள்படும் தனிப்பெயர் கொடுத்து, அதைக் கண்டறிவதற்கான வினாத்தாளையும் உருவாக்கும் முயற்சியை 1998இல் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து அளவுகோலைக் கொண்டுவருவதற்கு முன், இங்கே அளக்கப்பட வேண்டியது என்ன என்று கேட்ட வேலை அது. துருக்கிய வடிவங்களின் ஒழுங்கையும் இந்தச் சென்னை ஆய்வின் கேள்வியையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர்களுக்கு, தமிழ் வடிவத்தில் எங்கே உழைக்க வேண்டும் என்பது தெளிவாகவே தெரியும்.

இறுதியாக, கையில் தமிழ்த் தாள் ஏதாவது இருந்தால் உடனே பார்க்க வேண்டியவை இரண்டு. ஈ.ஏ.டி.-26ஐப் பயன்படுத்தக் கட்டணம் இல்லையே தவிர, உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். மொழியாக்கத்துக்கும் அதே விதிதான். அனுமதிக் கடிதத்தின் நகல் இல்லாத தாளைத் துறைகள் ஏற்கக் கூடாது. அடுத்தது, இந்தச் சோதனை 26 வாக்கியங்களோடு முடிவதில்லை. முன்னால் உயரம், எடை, வயது ஆகியவற்றைக் கேட்கும் பகுதி உண்டு. பின்னால், கடந்த ஆறு மாதங்களில் கட்டுப்பாடிழந்து உண்டதுண்டா, எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததுண்டா, பேதி மருந்து எடுத்ததுண்டா, 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, எடை இழந்ததுண்டா என்று நேரடியாகக் கேட்கும் பகுதியும் உண்டு. நகலெடுக்கும்போது இந்த இரண்டும் உதிர்ந்துபோய், நடுவிலுள்ள 26 மட்டும் கைமாறுவதைப் பார்க்கிறேன். விரதத்தாலோ பாட்டியின் அன்பாலோ எளிதில் குழம்பாத கேள்விகள் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கின்றன. மதிப்பெண் 20ஐ எட்டாவிட்டாலும், அங்கே ஒரு கேள்விக்கு ஆபத்தான விடை தரும் மாணவியை அன்றைக்கே அழைத்துப் பேச வேண்டும். ஆகவே அந்தப் பகுதியைக் கிழிக்காமல், சுருக்காமல், அதே தாளில் சேர்த்தே அச்சிட வேண்டும்.